பேப்பரில் வந்த யாழினி

ஆவணி மாதம், வியாழன் ராத்திரி

ஐந்தாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி யாழினியின் படம் இன்று பேப்பரில் வந்தது. கையில் புத்தகத்தோடு நிற்கிறாள். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தடங்கலில்லாமல் படிக்கிறார்கள் என்று கீழே போட்டிருந்தது. இந்தப் பள்ளிக்கூடம் வேண்டாம், வேனில் திண்டிவனத்துக்கு அனுப்பலாம் என்று இரண்டு வருஷமாக நச்சரிக்கிறாள் மருமகள். விடாமல் தடுத்தது நான்தான். "மூணாவது படிச்சவங்களுக்கு இன்னா தெரியும்" என்று அவள் அன்றைக்குக் கேட்டதை நான் மறக்கவில்லை. பேப்பரைக் கொண்டுபோய் அவள் முன்னால் விரித்தேன்.

அவள் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "டீ வாங்கிக் குடுத்தா இன்னா வேணா போடுவாங்க அத்தே. அவளையே படிக்கச் சொல்லிப் பாருங்க."

சாயங்காலம் மல்லாட்டையை உடைத்துக் கடலை எடுத்துக்கொண்டிருந்த யாழினியைக் கூப்பிட்டு, படத்துக்குக் கீழே இருப்பதைப் படிக்கச் சொன்னேன். வரியின் மேல் விரலை ஓட்டி, மூச்சுவிடாமல் சொன்னாள். எல்லாம் மழைநீர் சேமிப்பைப் பற்றி. பேப்பரில் மழை என்ற பேச்சே இல்லை.

"இது இன்னாடி?"

"ஆபீசருங்க வந்தா சொல்றதுக்கு டீச்சர் மனப்பாடம் பண்ண வெச்சாங்க ஆயா. போட்டோ புடிக்கறப்பவும் இதான் சொன்னேன்."

"எழுத்துக் கூட்டிப் படி."

முதல் சொல்லிலேயே நின்றுவிட்டாள். பிறகு என்னை முறைத்தாள். "எனக்குப் படிக்கத் தெரியும் ஆயா. பேப்பர்லயே போட்டுட்டாங்க இல்ல?"

மருமகள் அடுப்படியில்தான் இருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருக்கும். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.