சதுக்கத்துக் கம்பத்தின் சாவி

அனுப்புநர்:
ச. நல்லசிவம்,
உரிமையாளர், அன்னம் மரக்கறிக் கடை,
பியர்க்கலுண்ட் சதுக்கம், ஒஸ்லோ.

பெறுநர்:
பணிப்பாளர் அவர்கள்,
பியர்க்கலுண்ட் நகரப்பகுதி நிர்வாகம், ஒஸ்லோ.

விடயம்: பகுதிக் குழு தீர்மானித்தும் பதினொரு கிழமையாகக் கைக்கு வராத சாவி.

மதிப்புக்குரிய ஐயா,

விற்கிற அளவுக்கு எனக்கு நோர்வேஜிய மொழி தெரியும்; முறையிடுகிற அளவுக்குத் தெரியாது. ஆகவே தமிழில் எழுதி, மகள் டிலக்சியின் மொழிபெயர்ப்பை இணைத்துள்ளேன். அவள் சில இடங்களை மென்மையாக்கியிருப்பாள். இதுவே மூலம்.

1. சென்ற கோடையில் சதுக்க வாசலில் வாகனங்களைத் தடுக்கப் பூட்டுள்ள இரும்புக் கம்பம் நாட்டப்பட்டது. பிள்ளைகள் பயமின்றி ஓடுகிறார்கள். நல்ல வேலை, குறை சொல்லேன். ஆனால் வியாழன்தோறும் விமான நிலையத்திலிருந்து வரும் என் மரக்கறி வான் வண்டி கம்பத்தோடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து கடைக்கு எண்பது மீற்றர். மைனஸ் பதினான்கில் அந்த எண்பது மீற்றரைச் சுமந்து கடந்தால், வெற்றிலை கடைக்குள் வரும்போது கறுத்துச் சுருண்டிருக்கிறது.

2. 14.11.2006 அன்று பகுதிக் குழு, வியாழன் காலைகளில் கடைக்காரருக்குச் சாவி வழங்கத் தீர்மானித்தது. எல்லோரும் கை உயர்த்தியதைப் பார்வையாளர் வாங்கில் உட்கார்ந்தபடி கண்ணால் கண்டேன்.

3. என் பிழையையும் ஒப்புக்கொள்கிறேன். தீர்மானித்தவரே தருவார் என்று எண்ணிக் குழுத் தலைவியிடம் மூன்று முறை போனேன். மூன்றாம் முறை நாற்பது ஆட்டிறைச்சி ரோல்ஸுடன். ஊரில் எம்.பி.யைப் பிடித்தால் காரியம் முடியும், அந்தப் பழக்கம். அன்பளிப்பு ஏற்பதற்கில்லை என்ற தங்கள் அலுவலகக் கடிதத்தோடு ரோல்ஸ் மறுநாளே திரும்பி வந்தன. இவ்வளவு வேகம் தங்களிடம் உண்டென்று அறிந்து மகிழ்ந்தேன்.

4. பிறகு டிலக்சி விளக்கினாள்: "அப்பா, அவையள் கூடியிருந்து தீர்மானம் எடுக்கலாம். நிறைவேற்றுறது பணிப்பாளர். அவரிட்டை குழுவிலை ஒராள் தனியப் போய் இதைச் செய், அதைச் செய் எண்டு சொல்லேலாது." யோசித்துப் பார்த்தேன். நல்ல ஏற்பாடுதான். இல்லாவிட்டால் எதிர்க்கடைக்காரர் என்னைவிட ருசியான ரோல்ஸ் கொடுத்துச் சாவியை வாங்கியிருப்பார். ஆனால் தீர்மானத்தில் திகதி இல்லை. திகதி குறிப்பது குழுவின் வேலை அல்லவென்றால், அது தங்கள் வேலை என்றே விளங்கிக்கொள்கிறேன்.

5. அவசரம் இதுதான். அடுத்த வாரம் சனிக்கிழமை, 10.02.2007, என் வாடிக்கையாளர் பூமணியின் மகளுக்குக் கலியாணம். முந்நூறு வாழையிலை வியாழன் வானில் வருகிறது. நேற்று அவர் கடையில் எல்லோர் முன்னிலையிலும் கேட்டார்: "அண்ணை, இலை கறுத்தா நான் சம்மந்தி வீட்டாருக்குக் காகிதப் பிளேற்றிலையோ சோறு போடுறது? பன்னிரண்டு வருசமா உங்களிட்டைத்தான் வாங்கிறன்." அவருக்குப் பதில் சொல்லக்கூடியவர் தாங்கள்தான்.

ஆதலால், 07.02.2007 புதன்கிழமை அலுவலகம் மூடுமுன் சாவியைத் தந்துதவுமாறு வேண்டுகிறேன். கையொப்பமிட்டு வாங்கி, வியாழன் பகல் பன்னிரண்டுக்குள் திருப்பி ஒப்படைப்பேன். அதுவும் இயலாவிடில், அன்று காலை ஏழு மணிக்கு ஒருவரை அனுப்பித் திறந்துவிட்டாலும் போதும். பத்து நிமிட வேலை. நானும் மனைவி உதயகுமாரியும் கம்பத்தடியில் இரண்டு கம்பளிப் போர்வைகளுடன் நிற்போம். அவை இலைகளைப் போர்த்தத் தேவைப்படாமல் செய்வது தங்கள் கையில்.

இடம்: ஒஸ்லோ
திகதி: 02.02.2007

இப்படிக்கு, நம்பிக்கையோடு காத்திருக்கும்,
ச. நல்லசிவம்
(ஒப்பம்)