இஞ்சி பிஸ்கட் டப்பா

சான் டியாகோ, நவம்பர் 1959

அன்புள்ள அம்மாவுக்கு எல்வுட் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

நாங்கள் வரைகிற விண்கலத்தை, பின்னால் அடுத்தடுத்து வெடிக்கும் அணுகுண்டுகள்தான் தள்ளும். இப்போதைக்குச் சின்ன மாதிரி, சாதாரண வெடிமருந்து. நேற்று மருந்து அடைக்கத் தகரம் போதவில்லை. உங்கள் இஞ்சி பிஸ்கட் டப்பாவை நானே எடுத்துக் கொடுத்தேன். கலம் ஜிவ்வென்று ஏறியது. "உங்கம்மா டப்பா செவ்வாய்க்கே போயிடும் போலிருக்கேப்பா!" என்று கூட வேலைபார்க்கும் ரஸ் கத்தினான். நானும் சிரித்தேன்.

குண்டைத் தொடமாட்டேன் என்று, போரே கூடாதென்னும் நம் குவேக்கர் சபையில் எழுந்து சொன்னவன் நான். போருக்குப் போக மறுத்து அண்ணன் சிறைக்கே போனான். இது யாரையும் கொல்லாது அம்மா. ஆனாலும் அவனிடம் சொல்லாதீர்கள்.

கடை பிஸ்கட் வாயில் வைக்க விளங்கவில்லை. தபால்காரர் வந்துவிட்டார். மறுபடி பிஸ்கட் சுட்டால் டப்பாவில் வேண்டாம், காகிதப் பையில் அனுப்புங்கள்.

எல்வுட்