நத்தை தொட்ட கை

1946 மே 7
நூல் சரியாக வருவதில்லை. வாரத்தில் பாதி நாள் தறி சும்மா கிடக்கிறது. வாத்துக் குஞ்சுகள் மட்டும் சும்மா இருப்போமா என்கின்றன. பாவு நூல் விறைக்கப் போட்டு மிஞ்சிய கஞ்சியைத்தான் எங்கள் தெருவில் எல்லோரும் வாத்துக்கு ஊற்றுகிறார்கள். போன வருஷம் நாங்களும் ஊற்றினோம். பார்க்கப் பொதபொதவென்று இருந்தன. ஐப்பசி மழையில் ஒவ்வொன்றாகக் கால் மடங்கிச் செத்தன. இந்த வருஷம் விடமாட்டேன். ஏரியில் நத்தைக்கா பஞ்சம்?

மே 9
பின்கட்டில் நத்தை நசுக்கிக்கொண்டிருந்தேன். பாவா, இவருடைய அண்ணன், பார்த்துவிட்டார். தம்பி மனைவியோடு நேராகப் பேசுவது அவருக்கு வழக்கமில்லை. நான் எதிரே நிற்கும்போதே இவரிடம் சொன்னார்: "பங்காரு, நத்தையத் தொட்ட கை நூலத் தொடக்கூடாது. வாத்தா ராட்டையான்னு அவளையே கேளு."

இவர் தலையைச் சொறிந்தார். "அண்ணன் சொல்றதக் கேட்டுகினு போயேன்."

போகமாட்டேன்! பத்து வயசிலிருந்து ராட்டையில் தறிக்குத் தார் நூல் சுற்றுகிறவள் நான். ராட்டையும் என்னுடையது, வாத்தும் என்னுடையது. எதற்கு ஒன்றை விடணும்?

மே 10
ராட்டையைப் பரண்மேல் போட்டுவிட்டார்கள். அழுதேன். அப்புறம் ஏரிக்குப் போனேன்.

மே 14
குஞ்சுகளைப் பாதியாகப் பிரித்தாயிற்று. பாவாவின் பாதிக்குக் கஞ்சி. அடையாளத்துக்குக் காலில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறார். என் பாதிக்கு நத்தையும் கடலைப் புண்ணாக்கும். பார்த்துவிடலாம்.

ஜூன் 20
தார் சுற்ற ஆளில்லாமல் பாவாவே உட்கார்ந்து சுற்றுகிறார். நூல் சிக்கிக்கொண்டே இருக்கிறது. எனக்குக் கை பரபரக்கிறது. கேட்கமாட்டேன்.

ஜூலை 28
ஆடிக் கிருத்திகை முடிந்தது. பாவா மலையில் காவடி செலுத்திவிட்டு வந்துவிட்டார், இனி வீட்டில் கறி ஆகலாம். பஜாரில் வாத்து அறுக்கும் உசேன் பாயை வரச் சொன்னேன். சிவப்பு நூல் கட்டியது ஒன்று, என்னுடையது ஒன்று.

வயிற்றைத் திறந்ததும் பாய் கேட்டார்: "ரெண்டும் ஒரே அடையில பொரிச்சதாம்மா?"

"ஆங், ஒரே அடைதான் பாய்."

கஞ்சி வாத்தின் ஈரல் வெளிறி, தொட்டாலே குழைந்தது. இரைப்பை நெல்லிக்காய் அளவு. என் வாத்தின் ஈரல் கருஞ்சிவப்பு. இருதயம் கெட்டி. இரைப்பை ஒரு எலுமிச்சம்பழம் இருக்கும்.

எல்லாவற்றையும் இலையில் எடுத்துக்கொண்டு பாவா எதிரே போய் வைத்தேன். இவரிடம் சொல்லி அனுப்பவில்லை. நானே சொன்னேன்: "கஞ்சி பாவுக்குத்தாங்க விறைப்பு. வாத்துக்கு உள்ள ஒண்ணுமே வளரல, பாருங்க."

அவர் எழுந்து போய்விட்டார்.

ஆகஸ்ட் 3
பாவாவே இன்னும் தார் சுற்றுகிறார். போகட்டும்.

ஆகஸ்ட் 11
ஏரியிலிருந்து நத்தைக் கூடையோடு வந்தேன். வாத்துகள் எல்லாம் ஒரே பட்டியில் நின்றன. சிவப்பு நூல்களைக் காணோம். கூடத்தில் என் ராட்டை.

"வரலட்சுமி, தார் இல்லாம தறி நின்னுகினு இருக்குது. வாம்மா."

பாவா வாயிலிருந்து என் பேர் வந்தது இதுதான் முதல் தடவை. கூடையைப் பார்த்தார். ராட்டையை என் பக்கம் நகர்த்தினார்.

கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்தேன். நூலில் கறை படக்கூடாதே என்று கழுவினேன். அவருக்காக இல்லை.