உங்கள் கன்னத்தில் ஒட்டிய துணி

அக்கா,

இன்று காலை வரைநோட்டைத் திறந்தபோது உங்கள் இடது கன்னம் மறுபடியும் பெயர்ந்து நின்றது. ஓரம் சுருண்டு, அடியில் காய்ந்த பசை தெரிந்தது. "வெட்டின பனியன் துணி சும்மா படுத்துக் கெடக்குமாட்டி?" என்று நீங்கள் அன்றே சிரித்தீர்கள்.

நான் இந்தப் பனியன் கம்பெனியில் சேர்ந்த புதிது. கண்ணாடி அறைக்குள், ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரின் உதவியாளராக நான். வெளியே, தைத்து வந்ததில் குறை பார்க்கும் செக்கிங் டேபிளில் நீங்கள். எங்கள் வீட்டில் முதல் டிகிரி எனது; ஆனால் யாரிடமும் பேச வாய் வராது. சாப்பாட்டு நேரத்தில் ஸ்டோரில் துணி ரோல்களுக்கு நடுவே ஒளிந்து வரைந்துகொண்டிருந்தவளைக் கண்டுபிடித்தது நீங்கள்தான். உட்காருங்கள், உங்களை வரைகிறேன் என்றேன். "என்னைப் போயி வாங்க போங்கன்னு சொல்லுதியே, நா என்ன கலெக்டராட்டி?" என்று தூத்துக்குடிப் பேச்சில் கேலி செய்தபடி டிபன் பாக்ஸோடு உட்கார்ந்தீர்கள்.

பென்சிலில் முகம். அட்டைப்பெட்டியைக் கிழித்துக் கழுத்து. தையல் மெஷினடியில் கிடந்த கறுப்பு நூலைப் பிரித்துக் கூந்தல். டீயைத் தொட்டு நிழல். கன்னத்துக்கு மட்டும் எந்தப் பெயிண்டைக் கலந்தாலும் உங்கள் நிறம் வரவில்லை.

அந்த வாரம் சாயப்பட்டறையிலிருந்து பழுப்பில் மூன்று மாதிரித் துண்டுகள் வந்திருந்தன. அதில் ஒன்றுக்குத்தான் ஆர்டர் கொடுத்த பையர் ஓகே சொல்லியிருந்தார். மொத்த ஆர்டரின் நிறத்தையும் அதை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். மற்ற இரண்டும் கழிவு. உங்கள் டேபிளிலிருந்து மூன்றையும் எடுத்து வந்து, ஒவ்வொன்றாக உங்கள் முகத்தருகே பிடித்துப் பார்த்தேன். முகத்தைப் பார்த்தேனே தவிர, துண்டின் பின்னால் இருந்த ஓகே ஸ்டிக்கரைப் பார்க்கவில்லை. பொருந்தியதை வெட்டி ஒட்டிவிட்டு மிச்சத்தைக் குப்பையில் போட்டேன்.

மூன்று மணிக்கு மேனேஜர் ஓகே ஆன துண்டைக் கேட்டார். நான் ஒட்டியது அதைத்தான். கடைசியாக உங்கள் டேபிளில் இருந்ததால் கேள்வி உங்களிடம் வந்தது. நான் கண்ணாடிக்குள் எழுந்து நின்றேன். கதவைத் திறக்கவில்லை. நீங்கள் ஒருமுறை என்னைப் பார்த்தீர்கள். பிறகு அவரிடம், "குப்பையோட போயிருக்கும் சார். என் தப்புதான்" என்றீர்கள்.

மறுநாள் முதல் வர வேண்டாம் என்றுவிட்டார்கள். நீங்கள் வேன் ஏறும் இடத்துக்கு ஓடி வந்து, போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று அழுதேன்.

"பேசாம இரு. எனக்கு எங்க போனாலும் செக்கிங் டேபிள்தாம்ட்டி. ஒனக்கு அப்படியா?"

பேசாமல் இருந்தேன். அவிநாசிபாளையம் பக்கம் வேறு கம்பெனியில் சேர்ந்தீர்கள். மழைக்காலத்தில் காய்ச்சலோடு ஊருக்குப் போன நீங்கள் திரும்பவில்லை. உங்கள் ஃபோனிலிருந்து யாரோ ஸ்டேட்டஸ் வைத்த மாலை போட்ட படத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.

இப்போது அதே கண்ணாடி அறையில் மெர்ச்சண்டைசர் நான். காலையில் உள்ளே நுழைந்ததும் கண்ணாடி வழியே உங்கள் டேபிள்தான் தெரிகிறது. விட்டுப் போகலாம் என்றால், நீங்கள் விட்டுக்கொடுத்தது வீணாகிவிடும்.

இன்று நோட்டை எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"நல்லா வரையறீங்களே மேடம். அந்த ஆர்டரெல்லாம் எப்பவோ போயிருச்சுங்க. எந்தப் பொண்ணுங்க அது?"

உங்கள் பெயரைச் சொன்னேன். அவருக்கு நினைவு வரவில்லை.

இப்போது சாப்பாட்டு நேரம், அதே ஸ்டோர். துண்டைப் பிய்த்துவிட்டால் உங்களுக்கு முகமில்லை. மறுபடி பசை தடவியிருக்கிறேன். கையை எடுத்தால் சுருண்டுகொள்கிறது. இடது கட்டைவிரலால் உங்கள் கன்னத்தை அழுத்திப் பிடித்தபடியே இதை எழுதுகிறேன்.