கொதித்துப்போன பிரேக்

மச்சான்,

இன்று காலை அன்புவழிபுரத்து வீட்டு முற்றத்தில் ஒரு பழைய ஒஸ்டின் காரின் கீழே படுத்துக் கிடந்தேன். கொழும்பில் இருந்து ஒருவர் ஆசையாக வாங்கிக் கொண்டுவந்திருக்கிறார். மேலே பூச்சு பளபளக்கிறது. அடியில் பார்த்தால் பிரேக் குழாயைப் புகைக் குழாயோடு ஒட்டிப் பொருத்தி வைத்திருக்கிறார்கள். அந்தக் கருகல் எண்ணெய் வாசம் மூக்கில் ஏறியதும் உன் நினைப்பு வந்துவிட்டது.

கிண்ணியாக்காரன் நீயும் நானும் பங்கு போட்டு ஹயருக்கு ஓட்டிய காரும் இதே இனம்தானே. வெளிநாட்டுச் சாமான் வராத காலம் அது. பின்சில்லுக்குப் போகும் பிரேக் குழாய் துருப்பிடித்து வெடித்தபோது, நமக்குக் கிடைத்தது ஒரு கட்டைச் செப்புக் குழாய். அது எட்டிய ஒரே வழி புகைக் குழாயின் ஓரம். "எட்டினாக் காணும், அது போதும்" என்றாய். நானும் ஓம் என்றேன்.

அதோடு பிடித்தது சனி. ஓட்டுவது நீ, பழுது பார்ப்பது நான். காலையில் பிரேக் கல்லுப்போல நிற்கும். பட்டணத்தில் இருந்து ஓடிவந்து, கிண்ணியாத் துறையில் வாகனம் ஏற்றும் பாதைப் படகுக்காக வரிசையில் நின்றுவிட்டு நீ கிளம்பினால், பிரேக் மிதி பிடிக்காமல் காரின் தரையைத் தொடும். நான் வந்து பார்க்கும்போது எல்லாம் ஆறி, ஒன்றும் தெரியாத பிள்ளைபோல இருக்கும். "உன்ர காலிலதான் பிழை" என்று பகிடி பண்ணினேன்.

ஒருநாள் உன் மகள் முன் ஆசனத்தில் இருந்தாள். படகுக்கு இறங்கும் சரிவில் பிரேக் போய்விட்டது. படகு நிறையச் சனம். நீ ஸ்டியரிங்கை ஒடித்துக் கரை மணலில் காரைப் புதையவிட்டாய். பிள்ளைக்கு ஒரு கீறலும் இல்லை. பிறகு குனிந்து, ஒரு கை தண்ணீரை அந்தக் குழாயில் தெளித்தாய். சுர்ரென்று ஆவி பறந்தது. ஓடும்போது காற்றுப்பட்டு ஆறிய குழாய், நின்ற இடத்தில் சூடேறி, உள்ளே எண்ணெய் கொதித்திருக்கிறது. கண்டுபிடித்தவன் நீ. ஆனாலும் சாவியை என் கையில் தந்துவிட்டாய்.

"என்னால இனி ஏலா மச்சான். வித்துப்போடு."

நான் விற்கவில்லை. நீளமான குழாய் ஒன்றைத் தேடிப் பிடித்து, காரின் மற்றப் பக்கமாக வளைத்துக் கொண்டுபோய், ரப்பர் வைத்து இறுக்கினேன். என் வேலை திறம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நம்ப வேண்டியவன் நீ. உன்னையும் ஏற்றிக்கொண்டு நன்றாக ஓடிச் சூடாக்கி, துறையில் எஞ்சினை நிறுத்தாமல் காத்து நின்றோம். படகு வெறுமையாக வந்து கரை தட்டியது. நீ இறங்கிப் போய், படகின் மற்ற முனையில் காருக்கு நேரே நின்றாய்.

"உனக்கென்ன விசரா? அங்கால போ!"

"நீ இறக்கு. நான் நம்பாட்டி என்ட புள்ளைய எப்பிடி இதில ஏத்துற?"

மூக்குக்கு மேல் கோபம் வந்தது. இறக்கினேன், மிதித்தேன். உன் முழங்காலுக்கு ஒரு சாண் முன்னால் கார் நின்றது. நீ பொனற் மூடியில் ஒரு தட்டுத் தட்டி, "சாவியத் தா" என்றாய். அப்படி ஒரு சந்தோசம் எனக்குப் பிறகு கிடைத்ததில்லை.

நீ போய்ச் சேர்ந்துவிட்டாய். துறையில் இப்போது பாலம் இருக்கிறது. பின்னேரம், குழாயை மற்றப் பக்கம் மாற்றி முடித்து, அந்தக் கொழும்புக்காரரிடம் சொன்னேன்: "நல்லாச் சூடேறும்வரை ஓடிப்போட்டு, துறைமுகத்துக்கு இறங்கிற வீதியால வாங்கோ." சரிவின் அடியில் போய் நின்றேன்.

"ஐயா, விலத்துங்கோ!" என்று கத்தினார்.

நான் விலகவில்லை, மச்சான். பிரேக் வேலை எது முடித்தாலும் நான் நிற்கும் இடம் அதுதான்.