அண்ணனின் இருநூற்றுப் பதினாலு படங்கள்

ஜூன் 4, புதன்

பள்ளி திறந்து மூன்றாம் நாள். ஒன்பதாம் வகுப்புக்குக் கம்ப்யூட்டர் லேபில் முதல் பாடம். எதையும் மாற்றுவதற்கு முன்னால் நகல் எடுத்து வை என்று போர்டில் பெரிதாக எழுதிப் போட்டேன். இருபது வருஷமாக இதே வரிதான். தொண்டை கட்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை திருப்பரங்குன்றம் போக வேண்டும். அண்ணனைப் பார்த்து ஒரு மாசம் ஆகிறது.

ஜூன் 8, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து அண்ணன் வீட்டுக்குப் போனேன். மதியமே திரும்பிவிட்டேன். தலைவலி.

ஜூன் 9, திங்கள்

நேற்று வந்தது தலைவலி இல்லை. எழுதத்தான் வேண்டும். விட்டால் எனக்கே வேறு கதை சொல்லிக்கொள்வேன்.

மரியராஜ் அண்ணன் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பராக இருந்தவர். மைக் தேவைப்படாத குரல். நாலு வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்தது. நடை திரும்பியது, பேச்சு திரும்பவில்லை. நாம் பேசுவது எல்லாம் புரியும். சொல்லவும் வராது, எழுதவும் வராது. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் சைனப் மேடம்தான் ஒரு டேப்லெட்டில் ஆப் போட்டுக் கொடுத்தார். படத்தைத் தொட்டால் வார்த்தை ஒலிக்கும். மதினி ஒவ்வொன்றாகப் படம் பிடித்து, தன் குரலையே பதிந்து, இருநூற்றுப் பதினாலு சேர்த்திருந்தார். முடிவெட்டும் கடை. வெள்ளைச் சட்டை. ‘காரம் பத்தல.’ ‘கால் மரத்துப்போச்சு.’ ‘சும்மா இரு.’

ஆப் செய்த கம்பெனி மூடியாகிவிட்டது, பழைய ஆண்ட்ராய்டில்தான் அது ஓடும், அப்டேட் கேட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள் என்று மேடம் சொல்லியிருந்தார். எட்டாவது வரை படித்த மதினி, ரெண்டு வருஷமாக அந்தச் செய்தி வரும்போதெல்லாம் ‘பிறகு’ என்பதையே அழுத்தி வந்தார். எத்தனை நாள்தான் பயப்படுவீர்கள் என்று நான் சிரித்திருக்கிறேன்.

நேற்று மதினி மீன் வாங்கப் போயிருந்தார். அண்ணன் நாற்காலியில் கண்மூடியிருந்தார். டேப் ரொம்ப மெதுவாக இருந்தது. எனக்குத் தெரியாததா என்ற நினைப்பு. செட்டிங்ஸுக்குள் போய் நானே அப்டேட்டை அழுத்தினேன். நகல் எடுக்கவில்லை.

ஏறி முடிந்தது. ஆப் திறந்த மறுநொடி மூடிக்கொண்டது. அப்போதாவது கையை எடுத்திருக்கலாம். படங்கள் உள்ளேதான் இருந்தன. மதினி வருவதற்குள் சரிசெய்துவிட வேண்டும் என்ற பதற்றத்தில் ரீசெட் கொடுத்தேன். எல்லாம் மெமரி கார்டில் இருக்கும் என்று நினைப்பு. கார்டே இல்லை. டேப் புதுசு மாதிரி ‘வணக்கம்’ என்றது.

நிமிர்ந்தேன். அண்ணன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது.

மதினி வந்ததும், “தானா அப்டேட் ஆயிருச்சு மதினி” என்றேன். யோசிக்கவே இல்லை. வாய் சொல்லிவிட்டது.

மதினி மீன் பையைக் கீழே வைத்தார். “காலையில கேட்டுச்சு ரெஜினா. நான் பிறகுன்னுதான் அழுத்துனேன். இல்ல, மாத்தி அழுத்திட்டேனா?”

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். “தெரியலையே” என்றேன்.

ஜூன் 11, புதன்

சைனப் மேடத்துக்குப் போன் செய்தேன். அவரிடமும் ‘தானாக’ என்றுதான் சொன்னேன். புது ஆண்ட்ராய்டில் ஓடுகிற ஆப் ஒன்று இருக்கிறதாம். ஆனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எந்தப் படம் எந்த இடத்தில் என்பது அண்ணனின் கைக்குப் பழகவே அன்றைக்கு ஒரு வருஷம் ஆனதாம். “வீட்டுக்காரம்மாவைத் திட்டாதீங்க, பாவம்” என்றார்.

ஜூன் 13, வெள்ளி

அண்ணன் டீக்கடைக்குப் போவதை நிறுத்திவிட்டாராம்.

ஜூன் 15, ஞாயிறு

புது ஆப்பை ஏற்றிக் கொடுக்கப் போனேன். நல்லவள் மாதிரி பழம் வேறு வாங்கிப் போனேன்.

பக்கத்து வீட்டுத் தங்கப்பொண்ணு வந்திருந்தார். அவரிடம் மதினி சொல்லிக்கொண்டிருந்தார் — என் கைதான், நான்தான் அவுக பேச்சைக் கெடுத்தேன் என்று. நான் டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது அண்ணன் எழுந்து வந்தார். நல்ல கையால் என் ஆள்காட்டி விரலைப் பிடித்தார். டேப்பின் கண்ணாடியில் வைத்து அழுத்தினார். எடுத்து மறுபடி அழுத்தினார். மறுபடியும். விரல் வலித்தது. கண் என் முகத்தை விட்டு நகரவில்லை.

“பாருங்க, புதுச கத்துக்கிட எம்புட்டு ஆசை” என்றார் தங்கப்பொண்ணு.

ஆமாம் என்றேன். ஆமாம் என்றேனே!

ஜூன் 16, திங்கள்

பார்த்தது அவர் ஒருத்தர்தான். அவர் சொல்ல முடியாது, ஏன்னா அவர் பேச்சைப் பறிச்சதே நான்தான். இதத் தெரிஞ்சுதான் அன்னைக்குப் பொய் சொன்னேனா? அவரால சொல்ல முடியாதுன்னு உள்ளுக்குள்ள ஒரு தைரியம் இருந்துச்சா? இல்லைன்னு எழுத வரல. நீயெல்லாம் ஒரு டீச்சர்.

ஜூன் 17, செவ்வாய்

அரை நாள் லீவு போட்டுப் போனேன். உட்காரவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டே சொன்னேன். “நான்தான் அப்டேட் போட்டேன் மதினி. நான்தான் அழிச்சேன். நீங்க எதையும் மாத்தி அழுத்தல.”

மதினி கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அண்ணனைப் பார்த்து, “அவுகளுக்குத் தெரியுமா?” என்று மட்டும் கேட்டார்.

பார்த்துக்கொண்டுதான் இருந்தார் என்றேன்.

மதினி அண்ணன் பக்கத்தில் போய் நின்றார். பிறகு மெதுவாக, என்னிடம் இல்லாமல், தனக்கே சொல்வது மாதிரி: “இம்புட்டு நாளும் என் கையப் புடிச்சுப் புடிச்சு இல்ல இல்லன்னு தலைய ஆட்டுனாக. சோறு வேணாங்கிறாகன்னுல்ல நெனச்சேன்.”

அண்ணன் அழுதார். மதினி முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “நீங்க போயிட்டு வாங்க டீச்சர்.”

பதினெட்டு வருஷமாக என்னை வா, போ, ரெஜினா என்று கூப்பிட்டவர்.

ஜூன் 20, வெள்ளி

சைனப் மேடத்திடமும் உண்மையைச் சொன்னேன். “சரி” என்றார். அவ்வளவுதான். அது போதுமானதாக இருந்தது, குறுகிப் போவதற்கு.

ஜூன் 29, ஞாயிறு

மதினி வாரம் மூணு நாள் பஸ் ஏறிப் பயிற்சி மையத்துக்குப் போய்ப் புது ஆப்பைப் பழகுகிறாராம். மேடம் சொல்லித்தான் தெரியும். இதுவரை முப்பத்திரண்டு படங்கள். ஒவ்வொரு வாரமும் தானே நகல் எடுத்து வைக்கிறாராம். கூட வரட்டுமா என்று கேட்டு அனுப்பினேன். வேண்டாம் என்று பதில்.

ஜூலை 6, ஞாயிறு

பூசைக்குப் போனேன். அங்கிருந்து நேரே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

காலை ஒன்பதே காலுக்கு மதினியிடமிருந்து போன். எடுக்கக் கை கூசியது.

நலமா என்று கேட்கவில்லை. கல்யாண ஆல்பத்தைப் பீரோவிலிருந்து அண்ணன் தானே இழுத்துப் போட்டாராம். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, நான் நிற்கிற படத்தில் கையை வைத்து டேப்பைக் காட்டினாராம். மதினி அதைப் படம் பிடித்துப் போட்டிருக்கிறார். அது நேற்று.

“விடிஞ்சதுல இருந்து அதையேதான் அழுத்துறாக. ஏசுறாகளா, கூப்புடுறாகளான்னு எனக்கு வெளங்கல” என்றார்.

பின்னால் டேப் ஒலிப்பது கேட்டது. மதினியின் பதிந்த குரல்: ரெஜினா. கொஞ்சம் இடைவெளி. ரெஜினா.

இரண்டு பேரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

“வந்துட்டுத்தான் போங்களேன்” என்றார் மதினி.

ஏசுவதற்காகத்தான் இருக்கும். இருக்கட்டும். பத்து மணிக்கு ஒரு பஸ் இருக்கிறது. போறேன்.