வேலை என்ற கட்டம்

திரேஸ்புரம்,
6-1-2025

அன்புள்ள எமில்டா அக்காவுக்கு,

நானும் ஷெர்லினும் சுகம். அங்கே உனக்கும் மாதா துணை.

போனில் பேசினால் நீ நர்ஸ் ஆகிவிடுகிறாய், நான் கட் செய்துவிடுகிறேன். அதனால்தான் கடிதம். இருமல் நிற்காததால் ஸ்கேன் எடுத்தேன். நகல் உள்ளே இருக்கிறது. வலது நுரையீரலில் எலுமிச்சை அளவுக்குக் காற்றுக்கட்டியாம். புற்று இல்லை, காசம் இல்லை, பிறவியிலேயே வந்ததாம். "ஒண்ணும் செய்யாது, வருஷத்துக்கு ஒருக்க பார்த்துக்கிடுவோம்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். பொங்கல் கழிந்ததும் சங்கு குளிக்க இறங்குகிறேன். ஷெர்லின்தான் தாலியைப் பிடித்துக்கொண்டு சும்மா அழுகிறாள். அவளுக்கு நீ ஒரு வார்த்தை சொல்லு.

உன் தம்பி,
ரோச்

சென்னை,
9-1-2025

அன்புத் தம்பி ரோச்சுக்கு,

நீ அனுப்பிய ஸ்கேன் சீட்டைப் பார்த்தேன். மேலே "வேலை" என்ற கட்டத்தில் "வலை பின்னுதல்" என்று போட்டிருக்கிறது. ஏலே, யாரு, நீயா? அறுந்த பொத்தானைத் தைக்கத் தெரியாதவன் நீ. கடலில் முங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிடுவாரோ என்று பயந்துதானே மாற்றிச் சொன்னாய்? ஒன்றும் செய்யாது என்று டாக்டர் சொன்னது வலை பின்னுகிறவனுக்கு. உனக்கு இல்லை.

வள்ளத்துக் கம்ப்ரசரிலிருந்து குழாயில் வரும் காற்றை இழுத்துக்கொண்டு ஆழத்தில் கிடக்கிறாய். உன் வாயிலிருந்து கிளம்பும் குமிழி மேலே போகப் போகப் பெரிதாவதைத் தினமும் பார்க்கிறவன் நீ. அந்தக் கட்டிக்குள்ளும் காற்றுதான். நீ மேலே வரும்போது அதுவும் உப்பும். உடைந்தால் கரை சேரும்வரை தாங்க மாட்டாய்.

திரும்பப் போய் உண்மையைச் சொல்.

அக்கா எமில்டா

சென்னை,
20-1-2025

ரோச்,

பதில் இல்லை. போனையும் எடுக்க மாட்டேன் என்கிறாய். ஷெர்லினைக் கேட்டால், "வீட்டுல இருக்க மாட்டேங்காவ மைனி, கடற்கரையில அங்கனயும் இங்கனயும் நடந்துகிட்டே கெடக்காவ" என்கிறாள். வார்டில் யார் இருமினாலும் திரும்பிப் பார்க்கிறேன். கோபம் என்றால் திட்டி எழுது. முங்கினாயா இல்லையா, அதை மட்டும் சொல்லிவிடு.

அக்கா

திரேஸ்புரம்,
27-1-2025

அன்புள்ள அக்காவுக்கு,

முங்கவில்லை.

போன வாரம் வள்ளத்தில் ஏறினேன். கண்ணாடியும் மாட்டிவிட்டேன். எனக்கு முன்னால், கூட முங்குகிற ராமர் இறங்கினான். அவனுடைய குமிழிகள் பொடியாகக் கிளம்பி, மேலே வரவர விரிந்து, தண்ணீருக்கு மேலே வந்து உடைந்தன. பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டேன். உன்மேல் அப்படியொரு கோபம் வந்தது. இருபது வருஷமாகப் பார்த்த குமிழியை ஒரே கடிதத்தில் கெடுத்துவிட்டாயே.

டாக்டரிடம் போய் உண்மையைச் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இத்தனை நாளும் இதோடயா முங்குனீரு?" என்று கேட்டார். அடுத்த வாரம் வியாழக்கிழமை ஆபரேஷன். கட்டியை எடுத்தாலும் இனி கடலுக்கு அடியில் போகவே கூடாதாம்.

புதுச் சீட்டு கொடுத்தார்கள். அந்தக் கட்டத்தில் "சங்கு குளித்தல்" என்று என் கையாலேயே எழுதினேன். அழுதுவிட்டேன் அக்கா. இனிமேல் அப்படி எழுத முடியாதே.

ஷெர்லின் வலை ஊசி வாங்கி வந்திருக்கிறாள். முடிச்சு விழவில்லை என்று காலையிலிருந்து திட்டு வாங்குகிறேன். பொய்யாகச் சொன்ன வேலையைத்தான் இனி படிக்க வேண்டும். வியாழனுக்கு முன்னால் வந்துவிடு, எனக்குப் பயமாக இருக்கிறது.

உன் தம்பி,
ரோச்